படையாண்டவர் பெற்றது யாது? மட்டக்களப்பில் ஒரு படைப்பட்டத்தின் வரலாறு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்று வழங்குவர். அக்கரையிலே, கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தைச் சூழ்ந்துள்ள ஊர்களில், புதியவர் ஒருவரிடம் ஊரும் பெயரும் கேட்டபின் கேட்கப்படும் வினா "என்ன குடி?" என்பதாகும். உலகிப்போடி குடி, காலிங்கா குடி, பணிக்கனா குடி, படையாண்ட குடி என்று விடை வரும். இவை தாய்வழியாக வரும் குடிப்பெயர்கள். இவற்றுள் படையாண்ட குடி என்னும் பெயர் தனித்து நோக்கற்பாலது. ஏனையவை ஓர் ஆளின் பெயரையோ நாட்டின் பெயரையோ தொழிலின் பெயரையோ சுட்ட, இப்பெயர் ஒரு வினையைச் சுட்டுகின்றது. படையை ஆண்டவர்களின் வழி வந்த குடி என்பது அதன் வெளிப்படையான பொருள். எந்தப் படை, எவருக்கெதிரான படை என்னும் வினாக்களை ஊர்வரலாறு எழுதியோர் பலரும் எழுப்பியுள்ளனர். படையை ஆண்டதற்கு அக்குடி பெற்ற கைம்மாறு யாது என்னும் வினா அத்துணை ஆர்வத்துடன் எழுப்பப்படவில்லை. இக்கட்டுரை அவ்வினாவைப் பற்றியது.

படைப்பட்டங்களைப் பற்றி நம்மிடையே இருவகை மனப்பாங்குகள் நிலவுகின்றன. முதலாவது, பட்டத்தைப் பழைய வீரத்தின் சான்றாகக் கொண்டு பெருமிதங் கொள்வது. பிரதேச வரலாறு என்ற பெயரில் வெளிவரும் மலர்களிலும் ஆலயச் சிறப்பிதழ்களிலும் இதனைக் காணலாம். இரண்டாவது, முற்போக்காளர் சிலரிடம் உள்ளது. இவையெல்லாம் நிலமானிய எச்சங்கள், ஆராயத் தகுதியற்றவை என்று கையை உதறிவிடுவது. முதலாவது மனப்பாங்கு பட்டத்தை நம்புகின்றது. இரண்டாவது அதனைப் படிக்க மறுக்கின்றது. பட்டம் என்பது ஓர் ஆவணம். காணியுறுதியைப் படிப்பதுபோல அதனையும் படிக்க வேண்டும். யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, எதன் பேரில், எல்லைகள் எவை, யாருடைய உழைப்பு அதனுள் அடக்கம் என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும்.

தமிழ் மரபில் இது புதிய செய்தியன்று. சங்ககாலத்து அரசர் தம் படைத்தலைவர்க்கு ஏனாதி என்னும் பட்டமும் மோதிரமும் அளித்தனர். பெரியபுராணத்தில் வரும் ஏனாதிநாதர் அரசர்க்கு வாட்பயிற்சி அளித்து, அதனால் வரும் வருவாயை அடியார்க்குச் செலவிட்டவர். அவருடைய தாயத்தானாகிய அதிசூரன் அவரோடு பொருதது கொள்கைக்காகவோ எல்லைக்காகவோ அன்று. வாட்பயிற்சியால் வரும் ஊதியம் தன்னிடம் குறைந்து அவரிடம் பெருகிற்று என்பதற்காகவே அவன் போர்க்கு எழுந்தான். சேக்கிழார் இதனை மறைக்கவில்லை. திருநீற்றின் மகிமையைக் கேட்டு மெய்சிலிர்க்கும் நாம் அக்கதையின் பொருளாதாரத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகின்றோம். விசயநகர ஆட்சியில் நாயக்கர் என்பது படை திரட்டித் தரும் பொறுப்போடு கூடிய நிலவுரிமையாயிற்று. மதுரை நாயக்கர் காலப் பாளையம் அதன் வளர்ச்சி. 1799 முதல் 1801 வரை நிகழ்ந்த போர்களில் பாளையக்காரரின் படை அழிக்கப்பட்டபின், 1803 அளவில் அவர்களுள் எஞ்சியோர் கும்பினியின் சனதுகளைப் பெற்று ஜமீன்தார் ஆயினர். வாள் போயிற்று, வரி நின்றது. ஐரோப்பாவிலும் இதுவே நிகழ்ந்தது. உரோமப் பேரரசில் எல்லைப் படையின் தலைவனைக் குறித்த டூக்ஸ் என்னும் சொல்லே பிற்காலத்தில் பெருநிலக்காரனாகிய டியூக்கைக் குறிக்கலாயிற்று.

மட்டக்களப்புக்கு வருவோம். பொலன்னறுவையைச் சோழரிடமிருந்து மீட்ட முதலாம் விசயபாகுவின் ஆட்சிக்குப்பின் அந்நகரில் தந்ததாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றதை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு கூறுகின்றது. கூலிப்படையொன்று கோயிலின் காவலராக மாறி, அதனால் நிலைபேறு பெற்றமைக்கு அது சிறந்த எடுத்துக்காட்டு. 1215 இல் கலிங்க மாகன் படையெடுத்து வந்து பொலன்னறுவையைக் கைப்பற்றினான். அவனைப்பற்றி நமக்கு இரு முரண்பட்ட சித்திரங்கள் உள்ளன. சூளவம்சம் அவனைக் கேரளப் படைகொண்டு விகாரைகளை இடித்த கொடியவனாகக் காட்டுகின்றது. மட்டக்களப்பு மான்மியமோ மாகோன் எனப் போற்றி, வன்னிமைகளை வகுத்து, குடிகளை ஒழுங்குசெய்து, கோயில் முறைகளை நிறுவிய சட்டகர்த்தாவாகக் காட்டுகின்றது. எஃப். எக்ஸ். சி. நடராசா 1962 இல் பதிப்பித்து வெளியிட்டதன்பின் மான்மியம் மட்டக்களப்பு வரலாற்றின் மூலநூல் என்னும் மதிப்பைப் பெற்றுவிட்டது.

இவ்விரு நூல்களுள் எது உண்மை என்று வாதிடுவது பயன் தரும் முயற்சியாக எனக்குத் தோன்றவில்லை. அவை உடன்படும் இடமே முக்கியமானது. மாகன் சிங்களவரின் வயல்களையும் தோட்டங்களையும் வீடுகளையும் அடிமைகளையும் கால்நடைகளையும் பறித்துத் தன் கேரள வீரர்க்குக் கொடுத்தான் என்று சூளவம்சம் புலம்புகின்றது. மாகோன் தன்னோடு வந்தோர்க்கு உரிமைகளை வகுத்தான் என்று மான்மியம் பெருமைப்படுகின்றது. பறித்தல் என்று ஒருவர் எழுதியதை வகுத்தல் என்று மற்றவர் எழுதினார். நிகழ்ச்சி ஒன்றே. படையின் சம்பளம் நிலமாகக் கொடுக்கப்பட்டது. மான்மியத்தைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் நேர்சாட்சியாகக் கொள்ளவியலாது. அதிலுள்ள ஏடுகள் பிற்காலத்தவை. கோயிலிலும் வயலிலும் தமக்குள்ள முன்னுரிமையை நிலைநாட்ட விரும்பியோரின் கையால் எழுதப்பட்டவை. ஆனால் அந்தக் காரணத்தினாலேயே, உரிமை கோருவோர் எதனை ஆதாரமாகக் காட்டினர் என்பதற்கு அது மிகச் சிறந்த சான்று. அவர்கள் காட்டிய ஆதாரம் படைச்சேவை.

வன்னிபம், வன்னிமை, வன்னியனார் என வரும் பட்டத்தையும் இவ்வாறே நோக்க வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் ஈழத்தின் வடக்கிலும் கிழக்கிலும் பேரரசுகளின் பிடி தளர்ந்த இடங்களில் வன்னிச் சிற்றரசர் தோன்றினர். இரண்டாம் பராக்கிரமபாகு காலத்திலேயே அவர்களை அடக்கிய செய்திகள் வருகின்றன. பதினைந்தாம் நூற்றாண்டில் கோட்டையிலிருந்து ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகு பதினெட்டு வன்னிகளை வென்றதாகக் கூறப்படுகின்றது. பேராசிரியர் சி. பத்மநாதன் வன்னியர் பற்றி விரிவாக ஆராய்ந்துள்ளார். நமது நோக்கத்திற்கு வேண்டியது ஒரு சொல்மாற்றம். முதலில் ஆளைக் குறித்த வன்னியன் என்னும் சொல், வன்னிமை என்றாகும்போது பதவியைக் குறிக்கின்றது. பின்னர் அப்பதவிக்கு உட்பட்ட நிலத்தைக் குறிக்கின்றது. மட்டக்களப்பில் நிலமும் அதன்மீதுள்ள சமூக அதிகாரமும் சேர்ந்து முக்குவர் வன்னிமை என்று வழங்கப்பட்டது. டெனிஸ் மக்கில்வ்ரே என்னும் அமெரிக்க மானிடவியலாளர் 1982 இல் வெளியிட்ட ஆய்வுக்கு இச்சொற்றொடரையே தலைப்பாக்கினார்.

இவ்வுரிமைகள் கைமாறிய முறை நோக்கத்தக்கது. பாளையக்காரனின் பட்டம் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. மட்டக்களப்பிலோ குடி தாய்வழியே வருகின்றது. ஆலயத்து வண்ணக்கர் முதலிய பதவிகள் மாமனிடமிருந்து மருமகனுக்குச் செல்வதே பழைய வழக்கு. ஓர் ஆணின் தோள்வலியால் ஈட்டப்பட்டதாகச் சொல்லப்படும் பெயர், அவன் சகோதரியின் வயிற்றில் பிறந்தோர்க்கே சேர்ந்தது. அவன் பெற்ற மக்கள் அவர்தம் தாயின் குடியினராவர். கேரளத்து மருமக்கள்தாயத்தோடு இதனை ஒப்பிடுவது பலரும் செய்ததே. முக்குவச் சட்டம் எனப்பட்ட வழக்காறு நிலத்தையும் அவ்வழியே கொண்டு சென்றது. பட்டம், பெண், நிலம் ஆகிய மூன்றும் ஒரே நூலில் கோக்கப்பட்டிருந்தன. வீரத்தைப் பாடுவோர் இப்பெண்களைப் பாடுவதில்லை.

பணிக்கனா குடி பற்றியும் ஒரு வார்த்தை. பணிக்கன் என்பது கேரளத்தில் களரி ஆசானைக் குறித்த பெயர். மட்டக்களப்பில் அது ஒருபுறம் முக்குவக் குடியொன்றின் பெயராயிற்று. மறுபுறம் யானை பிடிக்கும் முஸ்லிம்களின் தொழிற்பெயராயிற்று. ஏறாவூர்ப் பணிக்கர் கயிற்றுச் சுருக்கால் காட்டு யானையைப் பிடிப்பதில் பேர்பெற்றவர்கள். எமர்சன் டெனென்ற் 1859 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் இத்தகைய பணிக்கரின் துணிவை வியந்து எழுதியுள்ளார். ஒரே சொல், நிலம் கிடைத்தவரிடத்தில் குலப்பெருமையாகவும் கிடைக்காதவரிடத்தில் தொழிலாகவும் தங்கிற்று.

பட்டத்தின் மறுமுனைக்கு இனி வருவோம். மட்டக்களப்புச் சமூக வழக்கில் ஊழியஞ் செய்யும் சாதிகளைக் குறிக்க வழங்கிய சொல் சிறை என்பதாகும். பதினெட்டுச் சிறைகள் என்று தொகை கூறுவர். வண்ணார், நாவிதர், பறையர் ஆகியோர் தத்தம் ஊழியங்களை வயலிலும் வீட்டிலும் கோயிலிலும் செய்யக் கடப்பட்டிருந்தனர். சிறை என்பதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. போரில் பிடிபட்டவரைக் குறிக்கும் சொல் அது. இச்சாதியினர் யாவரும் உண்மையாகவே போர்க்கைதிகளின் வழிவந்தவர் என்று நான் கூறவரவில்லை. அவ்வாறு கூறுவது மான்மியம் விரித்த வலையில் விழுவதாகும். உழைப்பைக் கட்டாயமாகப் பெறுவதற்கு நியாயம் தேடிய சமூகம், அதனைப் போரின் மொழியில் தேடிற்று என்பதே நான் சுட்ட விரும்புவது. ஒருவன் படையாண்டவன் என்றால் மற்றவன் சிறைப்பட்டவன். வாவிக்கரையில் எந்தப் போர் நிகழ்ந்தது என்பது தெளிவற்றிருக்கலாம். சத்துருக்கொண்டான் என்னும் ஊர்ப்பெயரும், முக்குவர் திமிலரை வென்ற கதையும் மரபுகளாகவே நிற்கின்றன. ஆனால் வெற்றியின் பங்கீடு ஆண்டுதோறும் அறுவடைக் களத்திலும் திருவிழாவிலும் நிகழ்ந்துகொண்டிருந்தது.

அந்நியர் இப்பட்டங்களை என்ன செய்தனர்? போர்த்துக்கேயர் 1628 இல் புளியந்தீவில் கோட்டை கட்டினர். 1638 இல் ஒல்லாந்தர் கண்டி அரசனின் துணையோடு அதனைக் கைப்பற்றினர். எனினும் கரையோரத்தின் மேலாதிக்கத்தைக் கண்டியரசு முறைப்படி கைவிட்டது 1766 உடன்படிக்கையின் பின்னரே. அதுவரை மட்டக்களப்பின் தலைவர்கள் இரு அரசுகளுக்கிடையே நின்று தம் உரிமைகளைக் காத்துக்கொண்டனர். 1784 முதல் 1794 வரை மட்டக்களப்பை நிருவகித்த யாக்கோபு பர்னாண்ட் நெற்செய்கையையும் நீர்ப்பாசனத்தையும் பெருக்க முயன்றவர். நெல் கும்பினிக்கு வேண்டியிருந்தது. தலைமைப் போடிகள் பயிரிடுவோரிடமிருந்து பெற்றுக்கொண்டவை கும்பினிக்கு வரவேண்டியவை என்பதே அவரைப் போன்ற அதிகாரிகளின் கவலை. உழவனுக்காக அவர்கள் கண்ணீர் விட்டதாக எண்ணிவிடக்கூடாது.

தென்னிலங்கைக் கரையோரத்தில் இதனினும் தெளிவான மாற்றம் நிகழ்ந்தது. முதலி அல்லது முதலியார் என்பது கோட்டை அரசின் படையில் ஒரு தலைவனைக் குறித்த பட்டம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் லஸ்கரின் எனப்பட்ட சுதேசப் படையை இப்பட்டக்காரரைக் கொண்டே நடத்தினர். முதலியாரின் கீழே அராச்சி, அராச்சியின் கீழே கங்காணி. இவர்கள் சேவைக்காகக் காணி பெற்றனர். ஆங்கிலேயர் காலத்தில் சுதேசப் படைக்கு வேலையில்லாது போனபோது முதலியார் ஊராளும் அதிகாரியாகவும், பின்னர் தேசாதிபதியின் வைபவங்களில் தங்கப் பொத்தானும் வாளும் அணிந்து நிற்கும் அலங்காரமாகவும் ஆனார். அராச்சி கிராமத் தலைவரானார். கங்காணியின் கதையை மலையகத் தமிழர் அறிவர். படையின் கடைநிலை அலுவலனைக் குறித்த அச்சொல், கோப்பித் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் ஆள்பிடித்து வந்து கடனில் கட்டிவைக்கும் இடைத்தரகனைக் குறிக்கலாயிற்று. தொழிலாளியின் கடனை எழுதிய துண்டு முறை 1921 இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தொழிலாளரை அணியாக நிறுத்தி எண்ணும் பழக்கத்தைத் தோட்டம் எங்கிருந்து கற்றது என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்கின்றது.

மட்டக்களப்பில் ஆங்கிலேயர் வன்னியனார் என்னும் பெயரை விட்டுவைத்தனர். ஏனைய மாகாணங்களின் பிரதான தலைமைக்காரருக்கு ஒப்பான வருமான அதிகாரிக்கு இங்கே அப்பெயர் வழங்கிற்று. அவருக்குக் கீழே உடையாரும் விதானையாரும் இருந்தனர். 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. 1844 இல் அடிமைமுறை சட்டத்தால் நீக்கப்பட்டது. 1856 இன் நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டமும், தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில் திருத்தப்பட்ட இறக்காமம், அம்பாறைக் குளங்களும் நெல்நிலத்தைப் பெருக்கின. முடிக்குரிய நிலங்களை வாங்க வசதி படைத்தோர் எவரோ அவர்களே பெரும் போடியாராயினர். இதனால் போடியார் என்னும் பெயர் முக்குவர் எல்லையைக் கடந்து, வயல் உடைய வேறு தமிழரையும் முஸ்லிம்களையும் குறிக்கத் தொடங்கிற்று. குலத்தின் பெயர் வர்க்கத்தின் பெயராயிற்று எனலாம். போடியாரின் வயலை மேற்பார்த்தவர் முல்லைக்காரர். அவரின்கீழ் வயற்காரர் உழைத்தனர். ஆணை செல்லும் ஒழுங்கு பழைய படையை நினைவூட்டும். படையில் மட்டும் கடைநிலை வீரனுக்கும் கொள்ளையில் பங்குண்டு.

1876 ஒரு விசித்திரமான ஆண்டு. கிறிஸ்தோபர் பிரித்தோ முக்குவச் சட்டத்தைத் தொகுத்து வெளியிட்டதும் அவ்வாண்டில்தான். திருமண உரிமை, மரபுரிமை பற்றிய 15 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அச்சட்டத்தின் உயிரைப் பறித்ததும் அவ்வாண்டில்தான். வழக்காறு அச்சேறிய வேளையிலேயே நீதிமன்றத்தில் செத்தது. அதன்பின் நிலம் குடியைப் பின்பற்றவில்லை. குடி கோயிலுக்குள் ஒதுங்கிற்று. திருவிழா உபயம் எந்த நாள் எந்தக் குடிக்கு, மரியாதை பெறுவதில் யார் முந்தி என்பவற்றில் எஞ்சிய வலிமையெல்லாம் திரண்டது. நிலத்தில் இழந்ததைக் கோயிலில் காத்தனர் என்று சொல்வது மிகையன்று. நிலம் உள்ளவர்க்கு அம்மரியாதை நிலவுரிமைக்குப் பூசிய சந்தனம். நிலம் அற்றுப்போன குடியினனுக்கோ அது ஒன்றே எஞ்சிய சொத்து. முற்போக்காளர் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி எள்ளுவது பொருந்தாது.

பிற்பகுதியை விரைந்து சொல்லிவிடலாம். பிரதான தலைமைக்காரர் முறை 1938 முதல் 1946 வரையான ஆண்டுகளில் படிப்படியாக நீக்கப்பட்டு, வன்னியனாரின் இடத்தில் காரியாதிகாரி அமர்ந்தார். 1963 இல் கிராமத் தலைமைக்காரருக்குப் பதிலாகக் கிராமசேவகர் வந்தார். பிலிப் குணவர்த்தனவின் 1958 நெற்காணிச் சட்டம் குத்தகைக்காரனுக்கு நிலைபேறு தர முயன்றது. நாடெங்கும் குத்தகைக்காரர் வெளியேற்றப்பட்டமை நில உடைமையாளர் தந்த விடை. 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் நெல்வயலுக்கு 25 ஏக்கர் என்று எல்லை விதித்தது. ஒரு குடும்பத்தில் வயதுவந்தோர் எத்தனை பேரோ அத்தனை எல்லைகள் கிடைத்தன.

வயற்காரனும் ஓர் இரவு படையாண்டதுண்டு. அறுவடை முடிந்த காலத்தில் வாவிக்கரை ஊர்களில் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் ஆடப்படும். வடமோடியின் கதைகள் பெரும்பாலும் பாரத இராமாயணப் போர்க்கதைகள். மரத்தாற் செய்த முடியும் புயக்கட்டும் அணிந்து, வில்லும் வாளுமாகக் களரியில் வட்டமிட்டு ஆடியவர்களுள் பலர் பகலில் பிறர் வயலில் உழைத்தவர்கள். சு. வித்தியானந்தனும் சி. மௌனகுருவும் இக்கலையை ஆய்வுலகின் முன் வைத்தனர். அக்களரியில் பட்டம் யாருடைய தாய்வழியையும் கேட்பதில்லை என்று எழுத ஆசையாக இருக்கின்றது. ஆனால் கூத்து முடிந்தபின் யாருக்கு முதல் மரியாதை என்ற பூசலும் அங்கே நிகழ்ந்ததுண்டு.

கடந்த நூற்றாண்டின் இறுதியில் இதே படுவான்கரை புதிய படைப்பட்டங்களைக் கண்டது. அரச இராணுவத்தின் பதவிப்பெயர்கள் ஒருபுறம். விடுதலைப் புலிகளின் தளபதி, கேணல் முதலியன மறுபுறம். 2007 மார்ச் வரை கொக்கட்டிச்சோலை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. சிறுவர் உட்பட உழவர் வீட்டுப் பிள்ளைகள் அணிகளில் சேர்க்கப்பட்டனர். 2004 இல் அத்தளபதிகள் தமக்குள் பிளவுண்டபோது இருபுறமும் நின்று இறந்தோர் அப்பிள்ளைகளே. பழைய பட்டத்தில் சேவை என்ற கடமையும் நிலம் என்ற உரிமையும் சேர்ந்திருந்தன என்று மேலே கண்டோம். காலப்போக்கில் கடமை உதிர்ந்து உரிமை தங்கிற்று. படைத்தலைவன் என்ற பெயருக்குரிய பொறுப்பு யாது என்று ஒரு நீதிமன்றம் இவ்வூரை முன்னிட்டு ஒரு தடவை கேட்டதுண்டு.

1991 ஜூன் 12 ஆம் நாள் மண்முனைத்துறைக்கு அருகே கண்ணிவெடியில் இராணுவத்தினர் இருவர் இறந்தனர். அதன்பின் படையினர் மகிழடித்தீவு, முதலைக்குடா ஆகிய ஊர்களுட் புகுந்து மக்களைக் கொன்றனர். சனாதிபதி நியமித்த விசாரணைக்குழு 67 பொதுமக்கள் கொல்லப்பட்டதாகக் கண்டது. ஊரவர் கூறும் தொகை அதனினும் மிகப் பெரியது. 1992 இல் இராணுவ நீதிமன்றம் படையினர் பத்தொன்பது பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அவர்களின் கட்டளை அதிகாரியை, தன் ஆணைக்குட்பட்டோரைக் கட்டுப்படுத்தத் தவறியமைக்காகவும் உடல்களை முறைகேடாக அகற்றியமைக்காகவும் குற்றவாளியெனத் தீர்த்தது. அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனை சேவையிலிருந்து நீக்கம்.